ஊதம்மாவின் மூச்சுப் பலகை

குற்றச்சாட்டு: இவ்வாண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை முற்பகலில், தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் தளத்திலுள்ள மூச்சுப் பரிசோதனை அறையின் சுவரிலிருந்து மரப்பலகை ஒன்று, அதற்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கழற்றி அகற்றப்பட்டது. அதே வாரம் வெள்ளிக்கிழமை, அந்த அறையில் கருவி இயக்குநராக இருந்த என் மனைவி, நிலவறையிலுள்ள பழைய கோப்புக் கூடத்துக்கு மாற்றப்பட்டார். ஆணையில் காணப்படும் காரணம் ‘நிர்வாக நலன் கருதி’ என்பது மட்டுமே.

இதுபற்றி ஏற்கெனவே இரண்டு மனுக்கள் அளித்துள்ளேன். முதல் மனுவுக்குப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கிடைத்தது. இரண்டாவதற்குத் தொலைபேசியில் ஒரு குரல், “ஒரு பலகைதானே சார், அதுக்குப் போயி இவ்வளவா?” என்றது. தொலைபேசிக் குரலைக் கோப்பில் வைக்க இயலாது. ஆகவே இது மூன்றாவது மனு.

மாற்றல் ஆணையில் என் மனைவிக்கு ஒரு பணியாளர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று தெரிந்தால் ஆணையிட்டவர்களே அதைத் திரும்பப் பெறுவார்கள் என்று நம்பி, அவருடைய வாழ்க்கையைக் கீழே எழுதுகிறேன். தூசி நிறைந்த அந்தக் கூடத்தில் அவருடைய மூச்சு குறைந்துகொண்டு வருகிறது. அவர் மேலே வரவேண்டும். இம்மனுவின் நோக்கம் இதுதான்.

நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் ஊதம்மா. ஆனால் ஊதுவது அவருக்கு எளிதில் வாய்த்ததல்ல. சிறுவயதில் அவருக்குக் கடுமையான இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், சுவரோரம் தலையணைகளை அடுக்கி அவற்றில் சாய்த்து உட்காரவைத்துவிடுவார்கள். எதிரே ஒரு சன்னல். அதில் வெளிறிய நீலத் திரைச்சீலை. பள்ளிக்குப் போகாத நீண்ட பிற்பகல்களில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் திரைச்சீலையைத்தான். அது அறைக்குள் பொங்கி வரும். சற்று நின்று யோசிக்கும். பிறகு பின்வாங்கிக் கம்பிகளோடு ஒட்டிக்கொள்ளும். வீடுதான் மூச்சு விடுகிறது என்று அவர் நினைத்தாராம். வீட்டுக்கும் இழுப்பு இருக்கிறது, அதற்கு மருந்து கொடுக்க ஆளில்லையே என்று வருந்தினாராம். திரைச்சீலையோடு சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட்டு, கண்ணை மூடாமலே ஒரு கனவுக்குள் போய்விடுவார். அதில் அறை ஒரு பெரிய மீனின் வயிறாகி, சத்தமில்லாமல் எங்கோ நீந்திப் போகும். இன்றும் எங்கள் வீட்டில் காற்றில்லாத நாளில் அவர் எழுந்துபோய்த் திரைச்சீலையை ஒரு முறை தொட்டுவிட்டு வருவார்.

அவருடைய தந்தை பேருந்து நடத்துநர். தன் பழைய விசில் ஒன்றை மகளிடம் கொடுத்து, மூச்சு நன்றாக இருக்கும் நாளில் மட்டும் ஊதவேண்டும் என்று சொல்லியிருந்தார். காலையில் விசில் கேட்டால் தெரு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும். கேட்காவிட்டால் எதிர்வீட்டுப் பெரியம்மா சன்னலருகே வந்து நிற்பார்.

“என்னடி, இன்னிக்கு பஸ் கிளம்பலையா?”

பதில் சொல்ல இவருக்கு மூச்சு இருக்காது. கையை மட்டும் ஆட்டிக்காட்டுவார். உடம்பு வளர வளர இழுப்பு தானாகவே விலகிப்போயிற்று. விசில் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதன் நிழற்படத்தை இணைத்துள்ளேன்.

தங்கள் மருத்துவமனையில் அவர் சேர்ந்தது ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் வேலைக்கு. மூச்சுப் பரிசோதனைக் கருவி புதிதாக வந்தபோது, பகலெல்லாம் இருமுகிறவர்களோடு ஓர் அறைக்குள் இருக்க வேறு யாரும் முன்வரவில்லை. கருவி விற்ற நிறுவனத்தின் ஆள் ஒரு வாரம் தங்கிச் சொல்லிக்கொடுத்ததை அவர் கற்றுக்கொண்டார். அறை சிறியது. ஒரு சுழல் நாற்காலி, கருவி, கணினித் திரை, வெளியே ஒரு மரத்தின் கிளையை மட்டும் காட்டும் சன்னல். காலை வெயில் சுவரில் ஒரு சதுரமாக விழுந்து, மெல்ல நகர்ந்து, நண்பகலில் கதவு வழியே வெளியேறும்.

பரிசோதனை என்பது இவ்வளவுதான்: மூக்குக்குக் கிளிப், வாய்க்கு அட்டைக் குழாய். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் ஊதி, எல்லாம் தீர்ந்தது என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் ஒரு கோடு மலைபோல் எழுந்து சரியும். சொல்வதற்கு எளிது. உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பயத்தில் இழுக்காமலே ஊதுவார்கள். சிலருக்குக் குழாய் வாய்க்குள் போனதும் சிரிப்பு வந்துவிடும். சிலர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, ஊதியாகிவிட்டது என்று கண்ணால் சாதிப்பார்கள். நானும் சாதித்தவன்தான்.

நான் ஒரு பெயின்ட் கடையில் எழுத்தர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். என் ஆங்கிலம் டப்பாக்களின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கழன்ற ஓர் அகராதியைப் புரட்டியும் வந்தது. திறந்த டப்பாக்களின் நெடியில் இருமல் நிற்காததால் கடை முதலாளி என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்துக்கொண்டே நான் மூன்று முறை தவறாக ஊதினேன்.

“சார், நீங்க ஊத வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?”

“மேடம், இதுல எக்ஸ்பிரேட்டரின்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?”

“வெளிய விடற மூச்சு. நீங்க இன்னும் விடல.”

“மருந்து அட்டையில எக்ஸ்பைரி டேட்னு போடறாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?”

“அந்தத் தேதிக்குள்ள ஊதி முடிச்சிடுங்க, வெளிய ஆள் நிக்குது.”

நான்காவது முறை ஒழுங்காக ஊதினேன். அந்த அறிக்கையின் நகலையும் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அன்று மாலையே அகராதியில் தேடினேன். ‘ஸ்பைராரே’ என்று ஒரு பழைய இலத்தீன் சொல். மூச்சு விடுதல் என்று பொருள். அந்த ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே கிளைத்திருந்தது. எக்ஸ்பயர் என்றால் மூச்சை வெளியே விடுவது. உயிர் போவதற்கும் கெடு முடிவதற்கும் அதையே சொல்கிறார்கள். இன்ஸ்பயர் என்றால் உள்ளே ஊதுவது. ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் ஊக்கத்தை ஊதிவிடுவதற்கும் அதுதான் சொல். நெடுநாள் பழகிய தெருவில், ஒரு வீட்டாரும் அடுத்த வீட்டாரும் உடன்பிறந்தவர்கள் என்று திடீரெனத் தெரியவந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கேட்கக்கூடியவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

மறுவாரம், எந்த நோயும் இல்லாமல், வரிசையில் நின்றேன்.

“மறுபடியும் இருமலா?”

“இல்ல மேடம். பெர்ஸ்பயர்.”

“அது என்ன வியாதி?”

“வியாதி இல்ல. வேர்க்கறது. ஊடாக மூச்சு விடறதுன்னு அர்த்தம். தோல் வழியா.”

அவர் தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தார். “தோலும் மூச்சு விடுதா?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் என்னை மறந்துவிட்டது தெரிந்தது. வெளியே போவென்று சொல்லவுமில்லை.

அதன்பின் வாரம் ஒரு சொல் கொண்டுபோனேன். ரெஸ்பயர், மறுபடி மறுபடி மூச்சு விடுவது. அஸ்பயர், ஒன்றை நோக்கி மூச்சு விடுவது. அதனால்தான் எட்டாத உயரத்துக்கு ஆசைப்படுவதையும் அது குறிக்கிறது. டிரான்ஸ்பயர், ஊடுருவிக் கடந்து போகும் மூச்சு. இலையிலிருந்து நீர் ஆவியாகக் கசிவதற்குச் சொல்வார்கள். இரகசியம் கசிந்து வெளியே தெரிவதற்கும் அதே சொல், நாளடைவில் சும்மா ‘நடந்தது’ என்பதற்கும். அன்று அவர் சன்னலுக்கு வெளியேயிருந்த கிளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட், மூச்சே உயிர் என்ற பொருளில். காய்ச்சி வடிக்கும்போது எழும் ஆவியும் ஸ்பிரிட்தான், ஊசி போடுமுன் பஞ்சில் நனைப்பதும் அதே வழியில் வந்த பெயர்தான் என்றபோது, மேசை மேலிருந்த குப்பியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்தார், பழைய ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல.

கடைசியாகக் கொண்டுபோனது கான்ஸ்பயர்.

“சதி பண்றதுன்னு போட்டிருக்கு. ஆனா அடியில பாத்தா, சேர்ந்து மூச்சு விடறதுன்னுதான் இருக்கு. ரெண்டு பேர் தலையோட தலை வச்சு ரகசியம் பேசும்போது ஒரே மூச்சத்தானே விடுவாங்க, அதனால.”

“மூடின ரூம். நீங்களும் நானும் மட்டும். அப்ப வாரா வாரம் நாம பண்ணிட்டிருக்கறது?”

“அகராதிப்படி பாத்தா சதிதான்.”

“வீட்ல பெரியவங்கள வரச்சொல்லுங்க. சதிய முறைப்படி பண்ணிடலாம்.”

எங்கள் திருமணம் இவ்வாறு நிச்சயமாயிற்று.

பலகை வந்தது பிற்பாடு, எங்கள் மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில். வீட்டு அலமாரியின் முதுகுப் பலகை கழன்று விழுந்தது. அதைத் தேய்த்து, கடையில் மீந்த மாதிரி டப்பாக்களின் வண்ணங்களால் அந்தச் சொற்களை எழுதினால், பரிசோதனைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும்போது படிக்கலாமே என்றேன். ஆங்கில அகர வரிசைப்படி எழுதுவதாகத் திட்டம். என் மனைவி பலகையைத் தரையில் கிடத்தி, அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“இப்படி எழுதினா மூச்சு முட்டுதுங்க.”

“எழுத்துக்கு ஏதும்மா மூச்சு?”

“அகர வரிசையில எக்ஸ்பயர் முன்னாடி வருது, இன்ஸ்பயர் பின்னாடி வருது. இழுக்கறதுக்கு முன்னாடியே விடச்சொன்னா எத விடறது? என் ரூம்ல அப்படி யாரும் ஊத மாட்டாங்க.”

ஆகவே வரிசை அவருடையது. எழுத்து என்னுடையது. அந்த வரிசையே பிறகு அவருடைய வேலை முறையாகிவிட்டது. நாற்காலியில் உட்காருகிறவரைப் பலகையின் மேல்மூலையிலிருந்து படிக்கச் சொல்வார். முதலில் ஸ்பிரிட்: ஒன்றும் செய்யாமல் சும்மா உட்காருங்கள். அடுத்து ரெஸ்பயர்: எப்போதும்போல இழுத்து இழுத்து விடுங்கள். பெர்ஸ்பயர்: வேர்க்கிறதா, வேர்க்கட்டும், தோலும் மூச்சு விடுகிறது. டிரான்ஸ்பயர்: சன்னலில் அந்த இலையைப் பாருங்கள், அதுவும் விடுகிறது, தோளைத் தளர்த்துங்கள். கான்ஸ்பயர் வரும்போது தன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து தானும் மூச்சு விடுவார். இரண்டு மார்புகளும் ஒன்றாக ஏறி இறங்கும். பிறகு அஸ்பயர்: முகவாயை நிமிர்த்துங்கள். இன்ஸ்பயர்: இழுங்கள், இழுங்கள், இன்னும் ஒரு மடக்கு. எல்லாவற்றுக்கும் கீழே எக்ஸ்பயர். அந்தக் கடைசி எழுத்திலிருந்து நீல வண்ணத்தில் ஒரு கோடு கிளம்பும். தடிப்பாகத் தொடங்கி, மெலிந்துகொண்டே போய், பலகையின் விளிம்பைத் தாண்டி, சுவரில் ஏறி, சன்னல் சட்டத்தருகே நூல்போலாகி மறையும். கண் அந்தக் கோட்டின் மேல் போய்க்கொண்டிருக்கும்வரை வாய் ஊதிக்கொண்டிருக்க வேண்டும்.

சுவரில் கோடு போட நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அப்போதைய துறைத் தலைவர் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். அதை எழுத்தில் வாங்காமல் விட்டதுதான் என் கோப்பிலுள்ள ஒரே ஓட்டை.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தபோது, ஸ்பைரலையும், கூர்ங்கோபுரத்தைக் குறிக்கும் ஸ்பையரையும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தேடிப் பார்த்தேன். ஒன்று சுருளைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது. மற்றது முளையையும் தண்டையும் குறித்த பழைய சொல். கல்யாணப் படத்தில் உறவினர்களோடு நெருங்கி நிற்கும் சமையல்காரரைப்போல, முகம் ஒத்திருந்தாலும் குடும்பம் வேறு. அவற்றைச் சேர்க்கவில்லை. ஆசிரியருக்கு அதை ஓர் அஞ்சலட்டையில் தெரிவித்தேன்.

ஆங்கிலம் தெரியாதவர்களும் அந்தச் சொற்களைப் பாட்டுப்போலச் சொன்னார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், தகுதிச் சான்றிதழுக்காக ஆண்டுதோறும் வருகிறவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் பலகையைப் பார்த்து, “என்ன, குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிப்பார்.

“சௌக்கியம்ணே. கடைக்குட்டிதான் உங்கள எதிர்பாத்துக் காத்திருக்கு.”

“அந்த நீளக் கோட்டுக்காரனா? அவன் என்னைய சன்னலுக்கு வெளியவே தள்ளிடுவான்மா. போன தடவ ஊதி முடிச்சப்ப நான் மரத்துல உக்காந்திருந்தேன்.”

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல என்று என் மனைவி எண்ணினார். ஊதி முடித்து, நெஞ்சு வெறுமையாகி, அடுத்த மூச்சு இன்னும் வராத அந்தக் கணத்தில் எல்லோருடைய முகத்திலும் ஒரே அமைதி வரும் என்பார். எவ்வளவு சுருங்கிய முகமும் அப்போது விரிந்திருக்கும். அவரவர் சிறுவயது அந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தான் அதைப் பார்க்கத்தான் தினமும் வேலைக்குப் போவதாகச் சொல்வார்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன். தரச் சான்றிதழ் ஆய்வுக்குழு வரப்போவதாகவும், சுவரில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆவண எண் இருக்க வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்போதைய துறைத் தலைவர் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், கோபக்காரரல்லர். அன்று நடந்த உரையாடலை என் மனைவி அன்று மாலையே என்னிடம் சொன்னார். நான் உடனே எழுதிவைத்தேன்.

“அம்மா, இதுக்கு நம்பர் இல்லையே.”

“பலகைக்கு எதுக்கு சார் நம்பர்?”

“நம்பர் இல்லாத எதுவும் சுவத்துல இருக்கக்கூடாதாம். நான் என்ன பண்றது?”

“சன்னலுக்கும் நம்பர் இல்ல சார். அதையும் எடுத்துரலாமா?”

ஆய்வுக்குழுவின் முன்னோட்டத்துக்கு வந்திருந்த இருவர் கதவருகே நின்று இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். சிரிக்காதவர் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை பலகை போயிற்று. வெள்ளிக்கிழமை என் மனைவி போனார். மாற்றல் செய்தி எங்களுக்கு முதலில் மருத்துவமனை உணவகக்காரர் வழியாகவே டிரான்ஸ்பயர் ஆனது.

பலகை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஓர் அச்சிட்ட தாள் மாட்டப்பட்டிருக்கிறது. பலகையிலிருந்த அதே சொற்கள்தான். அழகான எழுத்து, கட்டம் கட்டமாக, மூலையில் ஆவண எண். ஆனால் அகர வரிசையில். கோடு இல்லை.

கோப்புக் கூடத்தில் சன்னல் இல்லை. காற்றுப்போக்கிக்கு இணைப்பு இருக்கிறது, சுழலவில்லை. ஒரு கோப்புக் கட்டை இழுத்தால் பல ஆண்டுகளின் தூசி மேலே எழுந்து விளக்கைச் சுற்றி மிதக்கும். தொடக்கத்தில் அவர் அதைக்கூட அழகாகத்தான் சொன்னார். பழைய மூச்சுப் பரிசோதனை அறிக்கைகளெல்லாம் அங்கேதான் கிடக்கின்றனவாம். தான் எடுத்த கோடுகள். பெயரைப் பார்க்காமலே, மலையின் வடிவத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாராம்.

“இன்னிக்கு நம்ம லாரிக்காரரப் பாத்தேங்க.”

“கீழ வந்தாரா?”

“கட்டுக்குள்ள. செங்குத்தா ஏறி வழுக்கற மலை அவருது. பக்கத்துலயே உங்களது. கட்டெறும்பு ஏறின மாதிரி மூணு சின்ன மேடு, நாலாவதுதான் மலை.”

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் போகப் போகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். மாடிப்படியில் நடுவே நின்றார். பேச்சின் நடுவே நின்றார். ஒரு பிற்பகல் நான் வீட்டுக்கு வந்தபோது, சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சிறுவயதில் விட்டுப்போன இழுப்பு, முகவரி மறக்காமல் திரும்பி வந்திருந்தது.

“அப்பா, நீங்க மனு எழுதுங்க, வேணாங்கல. ஆனா முதல்ல அம்மாவ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க” என்றாள் மகள். சரியான யோசனை.

பணியாளர் நல மருத்துவர் மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். இவ்வாறாக என் மனைவி தன் அறையின் நாற்காலியில் முதல்முறையாக நோயாளியாக உட்கார்ந்தார். உடன் சென்ற நான் உள்ளே கதவருகே நின்றேன். கருவியை இப்போது புதிதாக வந்த ஓர் இளம்பெண் இயக்குகிறார்; முன்பு என் மனைவியிடம் சில வாரம் பயிற்சி பெற்றவர். நெற்றியில் வியர்வையோடு அட்டைக் குழாயை நீட்டினார்.

“அக்கா, மன்னிச்சுக்குங்க. இழுத்து ஊதுங்க.”

முதல் முறை இருமல் வந்து கெட்டது. இரண்டாம் முறை அச்சிட்ட தாளைப் பார்த்துக்கொண்டே இழுக்கப் போனார். கண் அகர வரிசையில் போயிற்று, மூச்சு எங்கேயோ தடுக்கி விழுந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. பத்தொன்பது ஆண்டு ஊதச் சொன்னவரால் ஊத முடியவில்லை. அந்த இளம்பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, தாளப் பாக்காதீங்க. எனக்கும் அது சரிப்பட்டு வரல. நீங்க சொல்லிக்கொடுத்தத நானே சொல்றேன். ஸ்பிரிட். சும்மா உக்காருங்க.”

“வாத்தியாருக்கே பாடமா?”

“வாத்தியாருக்கு மூச்சு வாங்குதே. ரெஸ்பயர்.”

இருவரும் வரிசையாகச் சொன்னார்கள். பெர்ஸ்பயரில் என் மனைவி இலேசாகச் சிரித்தார். டிரான்ஸ்பயரில் இருவரும் கிளையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கான்ஸ்பயரில் அறையே ஒரு முறை விரிந்து சுருங்கியது. அஸ்பயரில் என் மனைவி முகவாயை நிமிர்த்தினார், இன்ஸ்பயர் என்று அந்தப் பெண் சொன்னபோது இழுத்தார், பிறகு விட்டார். அப்போதுதான் நான் சுவரைக் கவனித்தேன். பலகையைக் கழற்றியவர்கள் பலகையை மட்டுமே கழற்றியிருந்தார்கள். பலகை இருந்த இடம் வெயில் படாமல் அடர்ந்த நிறத்தில் ஒரு நீள்சதுரமாக இருந்தது. அந்த நீள்சதுரத்தின் விளிம்பிலிருந்து, முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமல், என் நீலக் கோட்டின் வால் கிளம்பி, மெலிந்து, சன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் மனைவியின் கண் அதன்மேல் போயிற்று. வெயில் சன்னல் சட்டத்தில் விழுந்திருந்தது. அவர் ஊதிக்கொண்டே இருந்தார். கோடு தீர்ந்த இடத்தில் ஊதுவதை நிறுத்தினார். நெஞ்சு வெறுமையாகி, அடுத்த மூச்சு வராத அந்தக் கணத்தில் அவருடைய முகத்தில் என்ன வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தெருவில் எங்கோ ஒரு விசில் கேட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்.

பரிசோதனை முறையாக நடந்தது. முடிவு நல்லதல்ல. திரையில் எழுந்தது மலையன்று, ஒரு சிறு மேடு. இருக்க வேண்டிய மூச்சில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறது. கோப்புக் கூடத்துக்குப் போகுமுன், வழக்கமான பணியாளர் பரிசோதனையில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. புதிய அறிக்கையில் தங்கள் மருத்துவரே ‘தூசியான இடத்தைத் தவிர்க்க வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். இரண்டு அறிக்கைகளின் நகல்களையும் அருகருகே வைத்து இணைத்துள்ளேன். தங்கள் கருவி, தங்கள் அறை, தங்கள் மருத்துவர். நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். சென்ற வாரம் எங்கள் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது: தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் தளம் முழுவதற்கும் பாலேட்டு நிறப் பூச்சு. டப்பாக்களை எடுத்து, நிறம் சரிபார்த்து, மூடி இறுக்கி அனுப்பியவன் நான். கடைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். அடுத்த வாரம் அந்தச் சுவரில் பூச்சு ஏறும்போது கோட்டின் வாலும் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

இம்மனுவின் முதல் வரைவில், பலகையைத் திருப்பித் தருக என்பதை முதல் கோரிக்கையாகவும், மாற்றலை இரத்து செய்க என்பதைக் கடைசியாகவும் எழுதியிருந்தேன். என் மனைவி தலையணைகளில் சாய்ந்தபடி வாங்கிப் படித்தார்.

“மறுபடியும் வரிசைய மாத்திட்டீங்க.”

“குத்தம் நடந்த வரிசையிலதான் கேக்கணும். அதுதான் முறை.”

“முதல்ல இழுக்கணுங்க. அப்புறந்தான் எல்லாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “பலகை எங்கயும் ஓடிப்போகாது. அந்தப் பொண்ணுக்கு மனப்பாடமா தெரியும். என்னைய மேல கூப்பிடச் சொல்லுங்க, அத முதல்ல எழுதுங்க.”

ஆகவே அவருடைய வரிசையிலேயே கேட்கிறேன். என் மனைவி கோப்புக் கூடத்திலிருந்து உடனே வெளியேற்றப்பட்டு, சன்னலுள்ள தன் அறைக்கே திரும்ப அனுப்பப்பட வேண்டும். அடுத்த வாரம் சுவருக்குப் பூச்சு அடிப்பவர்கள் அந்த நீலக் கோட்டைச் சுற்றி அடிக்குமாறு அறிவுறுத்தப்பட வேண்டும். எந்தத் தூரிகையால் எப்படி அடிப்பது என்று நானே வந்து காட்டத் தயார். பிறகு பலகை, அது எங்கே வைக்கப்பட்டிருந்தாலும், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், பழைய இடத்தில் மாட்டப்பட வேண்டும். அதற்கு எண் இடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, பின்பக்கத்தில் இடவும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணத்தால் என்பதை, பூச்சு வேலை தொடங்குமுன், பொறுப்பான அலுவலரின் கையொப்பத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தொலைபேசியில் வேண்டாம். பதிலில் ஆவண எண் இருக்கட்டும்; எண் இல்லாத எதையும் நானும் கோப்பில் சேர்ப்பதில்லை.